நின்னுட்டே இருக்குற காருக்கு சோலார் பேனல்: வெயில், மழை ரெண்டும் பாத்தப்புறம் எழுதுற ரிவ்யூ

இது எலக்ட்ரிக் கார் ரிவ்யூ இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். சாதா பெட்ரோல் கார், பானெட்டுக்குள்ள இருக்குற 12 வோல்ட் பேட்டரி, அத சோலார் வச்சு எப்பவும் ஃபுல்லா வச்சுக்கிறது பத்தின ரிவ்யூ. ஆபீஸுக்கு ட்ரெயின்ல போயிட்டு காரை கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வெளிய எடுக்குறவங்க, வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஊர்ல காரை அப்பா பொறுப்புல விட்டவங்க, இவங்களுக்குத்தான் இது. தினமும் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுற ஆளா இருந்தா இதோட நிறுத்திக்கலாம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரே எல்லாத்தையும் பாத்துக்கும், ஒத்த ரூபா செலவு பண்ண வேணாம்.

எங்க வீடு சென்னைக்கு பக்கத்துல ஊரப்பாக்கம் பக்கம், தனி வீடு, முன்னாடி இரும்பு பைப் ஃப்ரேம்ல பாலிகார்பனேட் ஷீட் போட்ட ஷெட், அதுக்குள்ள கார். வாரக்கணக்குல அசையாம நிக்கும். அவசரத்துக்குன்னு சாவியப் போட்டா டக் டக் டக்னு ஒரு சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் மங்கிப்போயிரும், செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்கு போன் பண்ணா அவர் வந்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் அதே டயலாக்க சொல்லிட்டுப் போவார், "வாரத்துக்கு ரெண்டு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க சார்". அது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா லெட் ஆசிட் பேட்டரியோட குணமே வேற. முதல் 80 சதவீதம் கடகடன்னு ஏறும், கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கா இழுக்கும், அது ஏறாம இருந்தா பிளேட்ல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகி கொஞ்சம் கொஞ்சமா பேட்டரியோட கெப்பாசிட்டியே குறைஞ்சுரும். பத்து நிமிஷம் ஐடில்ல ஓடுனா ரெண்டு மூணு நாள் இழப்ப ஈடு கட்டலாம், ஃபுல்லாக்க முடியாது, பெட்ரோல் புகைதான் மிச்சம். சோலார் இங்கதான் கரெக்டா பொருந்துது, ஏன்னா அது கொஞ்சமா குடுக்கும், ஆனா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கும்.

சும்மா நிக்குற காரு பேட்டரி ஏன் இறங்குதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. காரை பூட்டினாலும் உள்ள எல்லாம் தூங்கிறது கிடையாது. ரிமோட் லாக் ரிசீவர், அலாரம், இசியூன்னு சொல்ற இன்ஜின் கம்ப்யூட்டரோட மெமரி, கடிகாரம், ஸ்டீரியோ எல்லாம் சேந்து 20ல இருந்து 50 மில்லி ஆம்ப் இழுத்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப்னு வச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 0.72 ஆம்ப் அவர் போகுது (ஒரு ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தா அது ஒரு ஆம்ப் அவர்). சின்ன பெட்ரோல் கார் பேட்டரி 35 ஆம்ப் அவர், அப்போ மூணு வாரம் நாலு வாரத்துல பாதி காலி. பாதி இருந்தாலே பழைய பேட்டரி செல்ஃப் எடுக்க திணறும், ஏன்னா அந்த ஒரு செகண்டுக்கு அதுகிட்ட நூறு நூத்தம்பது ஆம்ப் கேக்குறோம். இதுல ஜிபிஎஸ் ட்ராக்கர் வேற மாட்டியிருந்தா இன்னும் சீக்கிரம். டேஷ்கேமை பார்க்கிங் மோடுல விட்டுட்டு போனீங்கன்னா சொல்லவே வேணாம், 250 மில்லி ஆம்ப் இழுத்தா ஒரே நாள்ல 6 ஆம்ப் அவர் போயிரும், வாரக் கடைசில வந்து பாத்தா கதவு கூட ரிமோட்ல திறக்காது. மே மாசத்து சென்னை சூட்டுல பேட்டரி தானாவே இறங்குறதும் ஜாஸ்தி.

சரி, முதல்ல அந்த டேஷ்போர்டு மேல வைக்கிற குட்டி பேனல் பத்தி பேசிருவோம், ஏன்னா ஆன்லைன்ல தேடுனா முதல்ல கண்ணுல படுறது அதுதான். என் மச்சான் ஒண்ணு வாங்கி வச்சிருந்தார், 5 வாட்டுன்னு போட்டிருந்துச்சு, சிகரெட் லைட்டர் பின்னு, உள்ள ஒரு ப்ளூ லைட் மினுக் மினுக்குன்னு எரியும், பாக்க நல்லாத்தான் இருக்கும். அத வாங்கிட்டு வந்து டெஸ்ட் பண்ணேன். நம்ம ஊர்ல ஓடுற முக்காவாசி காருல சிகரெட் லைட்டர் சாக்கெட், சாவிய எடுத்தவுடனே கட் ஆயிரும். அதாவது நீங்க காரை பூட்டிட்டு போனதுக்கப்புறம் அந்த சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்ல. பேனல்ல லைட் எரியும், பேட்டரிக்கு ஒரு சொட்டு போகாது. மச்சான்கிட்ட சொன்னேன், "அப்ப இவ்ளோ நாளா அது சும்மாவா மினுக்கிட்டு இருந்துச்சு"ன்னார். ஆமா மச்சான், அது அதுக்காகவே எரிஞ்சிருக்கு.

முதலை கிளிப் வச்சு நேரா பேட்டரில மாட்டியும் பாத்தேன். அப்பவும் பெருசா ஒண்ணும் இல்ல. கண்ணாடிக்குப் பின்னாடி, படுக்க வச்ச மாதிரி இருக்குறதால மல்டிமீட்டர்ல 0.1 ஆம்ப் தாண்டவே யோசிச்சுது, அதுவும் நல்ல உச்சி வெயில்ல, காரை வெளிய நிறுத்தி. காருக்கு வெளிய எடுத்து வெயில் பாத்து வச்சா 0.25 வரைக்கும் போச்சு, அப்போ பேனல் மேல தப்பு கம்மி, வைக்கிற இடம்தான் பிரச்சனை. அதுபோக மலிவு மாடல்ல பிளாக்கிங் டயோடு இல்லன்னா ராத்திரி பேட்டரில இருந்து பேனலுக்கு திரும்ப கசியும். வெயில்ல டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்கு சுடும், அந்த பிளாஸ்டிக் எத்தன நாளைக்கு தாங்கும். எவ்ளோ டிஸ்கவுண்ட் போட்டாலும் வேணாம்.

இப்ப நான் வாங்கினது. 40 வாட் பேனல், கண்ணாடி மூடி, அலுமினிய ஃப்ரேம், 36 செல். பின்னாடி ஸ்டிக்கர்ல 18 வோல்ட், 2.2 ஆம்ப், ஓப்பன் சர்க்யூட், அதாவது எதுலயும் மாட்டாதப்போ, 21 வோல்ட் சொச்சம்னு போட்டிருக்கும். சைஸு ரெண்டேகால் அடிக்கு ஒண்ணரை அடி இருக்கும், வெயிட் நாலு கிலோ பக்கம். ஆன்லைன்லயும் கிடைக்குது, ஆனா கண்ணாடி ஐட்டம் கூரியர்ல வர்றது எனக்கு பயம், அதனால ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி நடந்தா வந்துரும். மெயின் தெருவுல எல்லாம் லேப்டாப்பு, சிசிடிவி, மொபைல் டிஸ்ப்ளே கடையா இருக்கும், சோலார் சாமான், பேட்டரி, கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜ கட்டுப்படுத்துற டப்பா) எல்லாம் உள்ள நரசிங்கபுரம் தெரு பக்கம் கேட்டுப் பாத்தா ரெண்டு மூணு கடை கை காட்டுவாங்க.

நான் போன கடை ரொம்ப சின்னது, ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளு படியில நிக்கணும். கடைக்கார பாய்கிட்ட காருக்கு சோலார்னு சொன்னவுடனே வாட்ஸ் எவ்ளோ, பட்ஜெட் எவ்ளோன்னெல்லாம் கேக்கல, "வண்டி எங்க நிக்கும் தம்பி?"ன்னு கேட்டார். ஷெட்டுக்குள்ளன்னேன். "பேனல் ஷெட்டுக்கு மேல போகுமா? போகும்னா குடுக்குறேன், ஷீட்டுக்கு அடியில வைக்கிற ஐடியான்னா காச கையில வச்சுக்கோ". முந்தின கடைல கேட்டப்போ 100 வாட் எடுத்துக்கோங்க சார்னு கவர்ல போட ஆரம்பிச்சுட்டாங்க, அதான் இந்த கேள்வி கேட்டவுடனே இங்கயே வாங்கிரலாம்னு தோணிருச்சு.

அடுத்து அவர் செஞ்சது எனக்கு ரொம்ப புடிச்சுது. பேனலை தூக்கிட்டு தெருவுக்கு வந்தார், ரெண்டு பைக்குக்கு நடுவுல ஒரு துண்டு வெயில் விழுந்துக்கிட்டு இருந்துச்சு, அதுல சாய்ச்சு வச்சு மீட்டர் பின்னை நேரா ரெண்டு வயர்லயும் வச்சார், 2.1 ஆம்ப் காட்டுச்சு. "இப்ப பாரு"ன்னுட்டு உள்ளங்கைய ஒரே ஒரு செல்லு மேல வச்சு மூடுனார், மொத்த பேனல்ல ஒரு செல்லுதான், மீட்டர் படார்னு பாதிக்கும் கீழ இறங்கிருச்சு. "ஒரு காக்கா எச்சம் போதும் தம்பி, மாசத்துக்கு ஒரு தடவ ஈரத்துணி". செல்லெல்லாம் வரிசையா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்திருக்கும், அதுல ஒண்ணு அடைச்சா முழு வரிசைக்கும் அடைப்புதான். பெரிய பேனல்ல அடைச்ச பகுதிய தாண்டி கரண்ட் போக வழி விடுற பைபாஸ் டயோடு மூணு இருக்கும், பாதிப்பு அந்த பகுதியோட நிக்கும், இந்த மாதிரி சின்னதுல அவ்ளோ வசதி கெடையாது. நெழல் பத்தி எத்தனையோ வீடியோ பாத்திருக்கேன், அந்த உள்ளங்கை மாதிரி எதுவும் மண்டைல ஏறல.

ஏன் 40 வாட், பத்து போதாதான்னா, கணக்குப்படி பத்தே போதும். ஆனா ஸ்டிக்கர்ல இருக்குற வாட்டு பேனல் 25 டிகிரில இருக்கும்போது லேப்ல அளந்தது. மே மாசம் மதியம் பேனல் 60 டிகிரிய தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் கிட்ட பவர் குறையும், அப்போ அதுலயே 14, 15 சதவீதம் அவுட். தூசி தனி. சென்னைக்கு நல்ல வெயில்னா ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் முழு வெயிலுக்கு சமமா கிடைக்கும், 40 வாட்டுல 9, 10 ஆம்ப் அவர் வரும். நமக்கு தேவை ஒண்ணு கூட கிடையாது. ஆனா நவம்பர்ல நாலு நாள் சூரியனே தெரியாம மூடிக்கிட்டு இருக்குமே, அப்போ பேனல் பத்துல ஒரு பங்கு குடுத்தாக் கூட அது இந்த 0.72ஐ தாண்டணும். அதுக்குத்தான் 40. பத்து வாட் வாங்குனா வெயில் காலத்துல ஜோரா இருக்கும், மழைக்காலத்துல பேருக்குத்தான் இருக்கும். அதே மாதிரி 100 வாட்டும் தண்டம், பேட்டரி ஃபுல் ஆனதுக்கு அப்புறம் கன்ட்ரோலர் அத்தனையையும் தடுத்து நிறுத்திக்கிட்டேதான் இருக்கும்.

கன்ட்ரோலர் வேணாம், நேரா கிளிப் மாட்டுங்கன்னு யாராவது சொன்னா அவங்க நம்பர பிளாக் பண்ணிருங்க. 5 வாட் பேனலுக்கு பரவால்ல, 40 வாட்டை 35 ஆம்ப் அவர் பேட்டரில நேரா விட்டா வோல்டேஜ் 15, 16னு ஏறிக்கிட்டே போகும், உள்ள இருக்குற தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் கேஸ் வரும், பேட்டரி ரெண்டு மாசத்துல முடிஞ்சுரும். பாய் குடுத்தது 10 ஆம்ப் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், அதாவது கரண்ட வேகமா ஆன் ஆஃப் பண்ணி கட்டுப்படுத்துற சாதா ரகம், அந்த ப்ளூ கலர் டப்பா, சின்ன டிஸ்ப்ளே, ரெண்டு யூஎஸ்பி, எல்லா கடைலயும் இதேதான் வேற வேற பேர்ல தொங்கும். செட்டிங்ல பி1, பி2, பி3ன்னு மூணு வரும், பி1 சீல்டு பேட்டரி, பி2 ஜெல், பி3 தண்ணி ஊத்துற பேட்டரி. வாங்கி மாட்டினவுடனே இத உங்க பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தணும், நிறைய பேர் இத தொடுறதே இல்ல. ஃப்ளோட், அதாவது பேட்டரி ஃபுல் ஆனதுக்கு அப்புறம் அத தாங்கிப் பிடிக்கிற வோல்டேஜ், 13.7 வோல்ட்டுல வந்துச்சு, எங்க ஊர் சூட்டுக்கு 13.5ல வச்சுருக்கேன், சூடா இருக்குற பேட்டரிக்கு வோல்டேஜ் கொஞ்சம் கம்மியா இருந்தாத்தான் நல்லது. மேனுவல்னு ஒரு பேப்பர் வச்சிருப்பாங்க, எறும்பு சைஸ் எழுத்து, படிக்க வேணாம், கண்ணுதான் போகும்.

பேனல்ல இருந்து முடிஞ்ச அளவு முழு பவரையும் எடுக்குற எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கலாமான்னா இந்த அளவுக்கு வேணாம். பெரிய பேனலுக்கு அது நல்ல லாபம், 40 வாட்டுல கிடைக்குற எக்ஸ்ட்ரா, காசுக்கு காணாது. இன்னொண்ணு, ஆன்லைன்ல 500, 600 ரூபாய்க்கு எம்பிபிடின்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்குறதெல்லாம் பெரும்பாலும் உள்ள சாதா பிடபிள்யூஎம்தான். நெஜமான எம்பிபிடிக்குள்ள காயில் இருக்கும், கையில தூக்கினாலே கனம் தெரியும், சோப்பு டப்பா மாதிரி லேசா இருந்தா ஸ்டிக்கருக்குத்தான் காசு குடுக்குறீங்க.

மாட்டுறது பெரிய வேலை இல்ல, ஆனா எலக்ட்ரீஷியன கூப்பிட்டா அவர் இன்வர்ட்டர் நெனப்புலயே பேசுவார், அதனால நானே பண்ணேன். பேனலை பாலிகார்பனேட் ஷீட் மேல வைக்கக்கூடாது, ஷீட்டு தாங்காது, எல் ஆங்கிள் அடிச்சு அடியில இருக்குற இரும்பு பைப்போட போல்ட் போட்டேன், தெற்கு பாத்து, கொஞ்சம் சாய்வா. சென்னைக்கு 13 டிகிரி சாய்வு கணக்கு, ஆனா ஸ்கேல் வச்சு அளக்க வேணாம், மழைத் தண்ணி தானா வழிஞ்சு ஓடுற அளவுக்கு இருந்தா போதும், அழுக்கையும் அதுவே கழுவிட்டுப் போயிரும். கன்ட்ரோலர் ஷெட் தூண்ல ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள, நெஞ்சு உயரத்துக்கு. பானெட்டுக்குள்ள வைக்காதீங்க, இன்ஜின் சூட்டுல டிஸ்ப்ளே முதல்ல போகும். அங்க இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒண்ணு காருக்கு, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தள்ளி 5 ஆம்ப் ஃப்யூஸ், இந்த ஃப்யூஸ் கண்டிப்பா வேணும், வயர் எங்கயாவது பாடில உரசி ஷார்ட் ஆனா பேட்டரி கொட்டுற கரண்டுக்கு வயர் பத்திக்கும். பேட்டரில இருந்து ஒரு குட்டி வயரை கிரில் வழியா வெளிய எடுத்து கனெக்டர் போட்டுட்டேன், பானெட்ட திறக்காமயே மாட்டலாம், கழட்டலாம்.

கன்ட்ரோலர்ல பேட்டரி வயர முதல்ல, பேனல் வயர அடுத்து மாட்டணும். கழட்டும்போது தலைகீழா, பேனல் முதல்ல. பேட்டரி இல்லாம பேனல் மட்டும் கன்ட்ரோலர்ல இருந்தா 20 வோல்ட்டுக்கு மேல உள்ள வந்து மலிவு கன்ட்ரோலர் குழம்பிரும், சிலது செத்தே போயிரும். தினமும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டு நிக்க முடியாது இல்லையா, அதனால பேனல் வயர்ல ஒரு சுவிட்ச் போட்டேன். சுவிட்ச ஆஃப் பண்ணு, கனெக்டர உருவு, கிளம்பு. அப்பா இதுக்கு மேல ஒரு சேஃப்டி பண்ணிட்டார், வயர் மாட்டியிருக்கும்போதெல்லாம் ஸ்டீரிங்ல ஒரு சிவப்புத் துணி கட்டி வச்சுருவார், அத அவுக்காம வண்டி எடுக்க முடியாது. "நீ மறப்ப, உங்கம்மா மறப்பா, துணி மறக்காது"ன்னார். எந்த கடைலயும் இந்த ஃபீச்சர் கிடைக்காது.

சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணையுற ஸ்டார்ட் ஸ்டாப் இருக்குற புது கார்ல நெகட்டிவ் டெர்மினல்லயே ஒரு சென்சார் இருக்கும், அந்த டெர்மினல்ல நேரா கிளிப் போட்டா ஏறுற சார்ஜ் காரோட கணக்குல வராது. நெகட்டிவ்வ இன்ஜின் பக்கம் இருக்குற பாடி எர்த் போல்ட்ல போடுங்க.

ரிசல்ட்டுக்கு வருவோம். சோலாருக்கு முன்னாடி ரெண்டு வாரம் நின்ன காருல காலைல மீட்டர் வச்சா 12.2 வோல்ட் காட்டும், அதாவது கிட்டத்தட்ட பாதி. இப்போ எத்தன வாரம் நின்னாலும் விடியக்காலைல 12.6, 12.7, அது ஃபுல்லு. காலைல பாக்குறதுதான் கணக்கு, சாயங்காலம் பாத்தா 13ன்னு காட்டி ஏமாத்தும், அது மேலோட்டமான சார்ஜ், ராத்திரி இறங்கிரும். செல்ஃப் ஒரே இழுப்புல எடுக்குது. அடை மழை நேரத்துல கன்ட்ரோலர் டிஸ்ப்ளேல கரண்ட் 0.2, 0.3ன்னு தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு, இருந்தாலும் காலை வோல்டேஜ் 12.5க்கு கீழ போகல, அது எனக்கே ஆச்சரியம். புயல் எச்சரிக்கை வந்தா மட்டும் பேனல கழட்டி உள்ள வச்சுருவேன், நாலு போல்ட்டுதான், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அடிச்சப்போ இந்த பக்கம் எத்தன தகர ஷீட்டு தெருவுல பறந்துச்சுன்னு பாத்தவங்களுக்கு தெரியும்.

குறைன்னா, செத்துப்போன பேட்டரிய இது எழுப்பாது, அந்த நெனப்புல வாங்காதீங்க. 10 வோல்ட்டுக்கு இறங்கிப்போன பேட்டரிய மாட்டினா சில கன்ட்ரோலர் பேட்டரியே இல்லன்னு நெனச்சுக்கும், சார்ஜ ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஆரம்பிச்சாலும் 2 ஆம்ப்ல 35 ஆம்ப் அவர் ஏத்தி முடிக்க மூணு நாலு நல்ல வெயில் நாள் ஆகும், நீங்க கல்யாண மண்டபத்துக்கு அரை மணி நேரத்துல கிளம்பணும். அதுக்கு ஜம்ப் ஸ்டார்ட்தான் வழி. வேற குறை, பேனலோட வந்த வயர் ரொம்ப குட்டை, ஒரு மீட்டர் கூட இல்ல, சோலார் வயருக்குன்னே வர்ற எம்சி ஃபோர் கனெக்டர் தனியா வாங்கி நீட்டணும். கன்ட்ரோலர் ஸ்க்ரூ எல்லாம் தகர ரகம், கொஞ்சம் அழுத்தி திருகினா மரை போயிரும். அந்த யூஎஸ்பில போன் சார்ஜ் போட்டா மாடு அசை போடுற வேகம், அத ஒரு வசதின்னு டப்பால போட்டதே ஓவர். அபார்ட்மென்ட்ல ஸ்டில்ட் பார்க்கிங்ல நிறுத்துறவங்களுக்கு இந்த முழு ரிவ்யூவும் வேஸ்ட், வெயிலே வராத இடத்துல சோலார் பேச முடியாது, மொட்டை மாடில இருந்து வயர் இறக்குனா அசோசியேஷன் மீட்டிங்ல உங்க பேர்தான் முதல் பாயிண்ட்டா வரும். அவங்களுக்கு ப்ளக் பாயிண்ட்ல மாட்டி கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஏத்துற ட்ரிக்கிள் சார்ஜரே போதும், ப்ளக் பாயிண்ட் பக்கத்துல இருக்குற யாருக்குமே அது சோலார விட ஈசி, இதையும் நேர்மையா சொல்லிடணும். எங்க ஷெட்டுக்கு கரண்ட் இழுக்கலன்னுதான் நான் இந்த பக்கம் வந்தேன்.

செலவு பேனல் ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் மேல, கன்ட்ரோலர், வயர், ஃப்யூஸ், கனெக்டர், ஆங்கிள் எல்லாம் சேத்து ஆயிரத்து சொச்சம். புது பேட்டரி நாலாயிரம், அஞ்சாயிரம் ஆகுது, இப்படி காலியாகி காலியாகி ரெண்டு வருஷத்துல சாகுற பேட்டரி நாலு வருஷம் வந்தாலே போட்ட காசு வந்துரும். கணக்குல வராத லாபம், காலங்காத்தால மெக்கானிக்க எழுப்ப வேண்டியது இல்ல.

இத பாத்துட்டு எதிர் வீட்டு தம்பி, "அண்ணா இதே மாதிரி என் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் ஒரு பேனல் போட்டா கரண்ட் பில்லே வராதுல்ல"ன்னான். எல்லாரும் கேக்குற கேள்விதான் இது. ஸ்கூட்டர் பேட்டரி 3 கிலோவாட் அவர்னு வச்சுக்கோங்க, அதாவது 3 யூனிட். என் 40 வாட் பேனல் ஒரு நாள் முழுக்க உழைச்சா 0.15 யூனிட். கிட்டத்தட்ட இருபது நாள் வேணும் ஒரு ஃபுல் சார்ஜுக்கு. அதுக்கும் மேல அந்த பேட்டரி 12 வோல்ட் கிடையாது, லித்தியம் வேற, அதோட சார்ஜர் 230 வோல்ட் கேக்கும், இந்த ப்ளூ டப்பாவ அதுல சொருகுற வேலையெல்லாம் வச்சுக்கவே கூடாது, தீ விபத்துக்கு நேரா டிக்கெட். ஸ்கூட்டரையோ காரையோ சோலார்ல ஓட்டணும்னா வீட்டு மொட்டை மாடில கிரிட் சோலார், அதாவது வீட்டு கரண்ட் லைனோட சேர்ற சோலார், போடுறதுதான் வழி. 3 கிலோவாட் போட்டா நல்ல நாள்ல 12 யூனிட் வரும், ஸ்கூட்டருக்கு போக வீட்டுக்கும் மிஞ்சும், 2024ல வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு, கரண்ட் போனா கிரிட் இன்வர்ட்டரும் ஆஃப் ஆயிரும், லைன்ல வேலை செய்யுற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் வச்சிருக்காங்க, வெயில் கொளுத்தினாலும் வண்டி ஏறாது.

கார் மேலயே பேனல் ஒட்டிட்டா என்னன்னு அவன் விடல. புனேல வேவ்னு ஒரு கம்பெனி ஈவான்னு குட்டி கார் 2025 ஜனவரி ஆட்டோ எக்ஸ்போல காட்டினாங்க, மேல சோலார் கூரையோட, வருஷத்துக்கு 3000 கிலோமீட்டர் வரைக்கும் சோலார்லயே கிடைக்கும்னு கம்பெனி சொல்லுது. அதாவது ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். கணக்கு சரியாத்தான் வருது, குட்டி கார் கூரைல 300 வாட்டுக்கு மேல பெருசா இடம் கெடையாது, அது ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒண்ணேகால் யூனிட் குடுக்கும், ஒரு யூனிட்டுக்கு கார் 7, 8 கிலோமீட்டர் ஓடும். மார்க்கெட்டுக்கு போய்ட்டு வர ஆகும், ஆனா அதுக்கு நீங்க காரை எப்பவும் மொட்டை வெயில்ல நிறுத்தணும், உள்ள ஏறி உக்காந்தவுடனே ஏசிய ஃபுல்லா வைப்பீங்க, கிடைச்சதுல ஒரு பங்கு அதுக்கே போயிரும்.

எலக்ட்ரிக் கார் வச்சிருக்குறவங்க கூட 12 வோல்ட் பேட்டரி நமக்கு கிடையாதுன்னு நெனச்சுக்காதீங்க. பெரிய பேட்டரி 80 சதவீதம் இருந்தாலும், உள்ள இருக்குற குட்டி 12 வோல்ட் பேட்டரி இறங்கிட்டா கம்ப்யூட்டர் முழிக்காது, கதவு கூட திறக்காம அப்படியே நிக்கும். வாரக்கணக்குல நிறுத்துறவங்களுக்கு இதே 40 வாட் செட்டப் அங்கயும் வேலை செய்யும், ஆனா சில கார்ல அந்த 12 வோல்ட்டே லித்தியமா இருக்கு, அதுக்கு இந்த பி1 பி2 பி3 கன்ட்ரோலர் ஆகாது. பேட்டரி மேல இருக்குற ஸ்டிக்கர படிச்சுட்டு, கார் மேனுவல்ல கிளிப் எங்க போடச் சொல்லியிருக்கான்னு பாத்துட்டு அப்புறமா கடைக்குப் போங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டுன்னா ஞாயித்துக்கெழம வேணாம், முக்காவாசி கடை ஷட்டர் இறங்கித்தான் இருக்கும்.